ஏடு தின்ற புலவர்

ஆலமரங்கள் எல்லாம் இரண்டிலைச் செடியாக இருந்த காலம். ஆற்றங்கரையில் ஒரு மடம். மடத்துக்குள் ஓர் ஏட்டறை. ஏட்டறைக்குள் ஓர் எலி. பேர் கரும்பல்லன். ஆனால் பேர் சொன்னால் கோபம் வரும். "புலவரே" என்றுதான் கூப்பிட வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள்!

அப்படி என்ன புலமை? ராத்திரிக்கு ஓர் ஏடு தின்பார். அதுவும் ஞானநூல் ஏடு மட்டும்தான். "நூறு ஏடு இதற்குள் இருக்கிறது" என்று தொப்பையைத் தடவுவார். மடத்து எலிகள் எல்லாம் அந்தத் தொப்பையைக் கும்பிட்டுப் போகும்.

அவர் பெண்டாட்டி மணிமூக்கிக்கு ஏடு தின்றால் பல் கூசும். மூலையில் உட்கார்ந்து, மடத்துத் துறவி சடையாண்டித் தம்பிரான் பாடம் படிப்பதைக் கேட்பாள். தம்பிரானுக்கோ மண்டை முழுக்கக் களிமண். முதல் ராத்திரி, "கேளாமல் வரும் விருந்தை மும்முறை எண்ணுக" என்று திரும்பத் திரும்பப் படித்தார். இரண்டாம் ராத்திரியும் அதே வரி. மூன்றாம் ராத்திரியும், சிவ சிவா, அதே வரி!

மணிமூக்கியும் அந்த வரியையே மனசில் உருட்டினாள். ஏன் மூன்று முறை? யோசித்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாள். முதல்முறை எண்ணுவது மூக்கு. இரண்டாம் முறை எண்ணுவது வயிறு. மூன்றாம் முறைதான் தலைக்கு வாய்ப்பு வருகிறது.

"ஒரு வரியை மூணு நாளா மெல்லுறியே, உனக்குப் பல்லே இல்லையாடி?" என்று சிரித்தார் புலவர்.

நாலாம் நாள் தம்பிரான் சுவடியைப் பிரித்தால், தான் படித்துக்கொண்டிருந்த ஏட்டையே காணோம். வந்ததே கோபம்! சுட்ட தேங்காய்ச் சில்லு மாட்டி ஏட்டறையில் பொறி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

வாசனை வந்தது. இரண்டு பேரும் வந்தார்கள். மூக்கு "போ" என்றது. வயிறு "ஓடு" என்றது. மணிமூக்கி சட்டென்று நின்றாள்.

"ஏனுங்க, ஏட்டறைக்குத் தேங்காய் எப்படி வந்துச்சு? இன்னொரு தரம் யோசிங்க."

"நூறு ஏடு தின்னவனுக்கு நீ புத்தி சொல்றியா?" என்று பாய்ந்தார் புலவர். சடார்! கதவு விழுந்தது.

"அடியே மணி, தம்பிரான் படிச்சாரே, அது என்ன வரி? சீக்கிரம் சொல்லேன்!"

அழுதுகொண்டே சொன்னாள்.

"ஐயோ, அந்த ஏட்டைத்தானே நேத்து ராத்திரி தின்னேன்! நல்ல மொறுமொறுப்பு!"

பாவம், மணிமூக்கி விடியும்வரை பொறியைக் கடித்துப் பார்த்தாள். பல்தான் உடைந்தது. விடிந்ததும் தம்பிரான் வந்து, பூனைக்கு முன்னால் கதவைத் தூக்கினார். பூனை ஒரே வாயில் நூறு ஏட்டையும் விழுங்கியது.

சரி, பூனைக்காவது ஞானம் வந்ததா? அட போங்க! அன்றைக்குச் சாயங்காலமே மடத்துப் பாலைத் திருடிக் குடித்துத் துடைப்பத்தால் அடி வாங்கியது.

ஆகையால் மக்களே, நூறு ஏடு விழுங்கிய வயிற்றைவிட, ஒரே வரியை ராத்திரியெல்லாம் அசைபோட்ட மனசுதான் உயிரைக் காக்கும்.