பச்சைப் பெட்டி யாருக்கு

ஒரு ஷெட், மூன்று பேர். ஷெட் ஒருவருக்குத்தான். சுத்தி வளைக்காமல் சொல்கிறேன், கேளுங்கள்.

கோவில்பட்டி பைபாஸ் பக்கம் டூவீலர் ஷெட் வைத்திருந்த சுடலைமுத்து, வண்டியை டிரையல் ஓட்டிப் பார்க்கப் போன இடத்தில் லாரி மோதிச் செத்துப்போனான். அவனைப் புதைக்கும்போது அவன் தம்பி இசக்கிமுத்து டூல்ஸ் பெட்டியையும் கொண்டுவந்து குழிக்குள் இறக்கினான். "அண்ணன் உசிரா வச்சிருந்தது, கூடவே போகட்டும்" என்றான். எல்லோரும் அழுதார்கள். இதைச் செய்யாதே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சுடலைமுத்துவின் மனைவி பேச்சியிடம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, "சரி" என்று மட்டும் சொன்னாள். ஐந்து வருஷமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜின் பிரித்தவள் அவள். இனி பிரிக்கக் கையில் ஒரு ஸ்பேனர் இல்லை.

ஷெட் மெக்கானிக் சங்கத்துக்குச் சொந்தமான இடம். உறுப்பினர் இறந்தால், அடுத்து அதை நடத்தப் போகிறவருக்குச் சாவியோடு ஒரு டூல்ஸ் செட்டும் தருவது சங்கத்து வழக்கம். மூன்று பேர் கேட்டார்கள். பேச்சி கேட்டாள், அந்த ஷெட்டை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. இசக்கிமுத்து கேட்டான், அண்ணன் இடம் தனக்குத்தான் என்றான். எட்டு வருஷம் அதே ஷெட்டில் வேலை பார்த்த அருளப்பனும் கேட்டான். அவனுக்கும் சொந்தமாக ஒன்றுமில்லை.

சங்கத் தலைவர் லூர்துசாமி காலையிலேயே தார்ப்பாயில் மூன்று செட் பரப்பி, யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார். ஒன்று சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நூற்றியெட்டு பீஸ், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. இன்னொன்று பச்சைத் தகரப் பெட்டி, மங்கலான பதினோரு ஸ்பேனர். மூன்றாவது துணிச் சுருட்டு, உள்ளே ஸ்பேனர்கள், நம்பரெல்லாம் பெயிண்டில் எழுதியது. பக்கத்தில் ஒரு பழைய இன்ஜின், அதில் துருவேறிய மூன்று நட்டு.

"குலுக்கின சீட்டுப்படி வந்து ஆளுக்கு ஒரு செட் எடுங்க, ஆளுக்கு ஒரு நட்டு கழத்துங்க. நட்டு முனை மழுங்காம வரணும். டூல்ஸ் தெரிஞ்சவருக்குத்தான் ஷெட். இன்னொண்ணு. ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுக்கிற சோலியெல்லாம் ஆகாது. அப்படி நடந்தா சீட்டு செல்லாது, மறுபடியும் குலுக்குவோம்."

முதல் சீட்டு இசக்கிமுத்துவுக்கு. சிவப்புப் பெட்டியைத் தூக்கினான். மாட்டித் திருகினான், ஸ்பேனர் வழுக்கியது. நட்டு முனை போச்சு, அவன் விரல் முட்டியிலும் தோல் போச்சு.

"நட்டு மோசம், தலைவரே."

"நட்டு உன்னப் பத்தி என்ன சொல்லுதுன்னு கேளு" என்றார் யாரோ. சிரித்தார்கள். பேச்சி சிரிக்கவில்லை.

அடுத்தது அருளப்பன். பச்சைப் பெட்டியிலிருந்து பதினாலாம் நம்பர் ரிங் ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டினான். இம்மி ஆட்டம் இல்லை. அந்த நேரம் கூட்டம் இசக்கிமுத்துவின் விரலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தது. பேச்சி மட்டும் பார்த்தாள். அருளப்பன் ஸ்பேனரைக் கழற்றினான், பெட்டியில் வைத்தான், மூடினான். துணிச் சுருட்டை எடுத்தான். அதிலுள்ள ஸ்பேனர் நட்டில் லொடலொடவென்று ஆடியது. இடைவெளியில் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு துண்டைச் செருகித் திருகினான். அவன் நட்டும் மழுங்கியது.

கடைசியில் பேச்சி. மிச்சம் இருந்தது பச்சைப் பெட்டி. மாட்டி, உடம்புப் பாரத்தைக் கொடுத்து ஒரே அழுத்து. நட்டு முழுசாக வந்தது.

"மிச்சம் கிடந்ததை எடுத்தா அது செலக்ஷனா?" என்று இசக்கிமுத்து கத்தினான். "மதினி என்னத்தத் தேர்ந்தெடுத்தாங்க?"

தலைவர் அவளிடம் கேட்டார்: "முதல் சீட்டு உனக்கு வந்திருந்தா எதை எடுத்திருப்பம்மா?"

"இதத்தான். காலையிலேயே மூணையும் மாட்டிப் பாத்துட்டேன். சிவப்புல பாதி ஸ்பேனர் இஞ்ச் கணக்கு, நம்ம வண்டியெல்லாம் மில்லிமீட்டர், சேராது. மிச்சமும் மேல்பூச்சுதான். சுருட்டு ஆடுது, ஆடுறது நட்டத் தின்னுரும். இது அசையல."

தலைவர் அருளப்பன் பக்கம் திரும்பினார். "ஏன்டே, எட்டு வருசம் ஸ்பேனர் பிடிச்சவன். உனக்கு இது தெரியலையா?"

அருளப்பன் தரையைப் பார்த்தான். "தெரியல, தலைவரே."

அத்தனை மெக்கானிக்குகள் முன்னால் சொன்னான். தலைவர் சாவியை நீட்டினார். பேச்சி அருளப்பனை ஒருமுறை பார்த்தாள். எதுவும் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். தெரிந்தும் தெரியாது என்றானே, அவன் செய்தது சரியா? பார்த்தும் வாயைத் திறக்கவில்லையே, அவள் செய்தது சரியா?

விடை: சரி செய்தது பேச்சி. அவள் வாயைத் திறந்திருந்தால் மறுபடியும் சீட்டு. இசக்கிமுத்துவுக்கு இன்னொரு வாய்ப்பு. அருளப்பனுக்குப் போன பேரும் திரும்பி வந்திருக்காது, பொய்யன் என்று இன்னொரு பேர்தான் சேர்ந்திருக்கும். அதோடு அவள் யாரையும் ஏமாற்றவில்லை. டூல்ஸ் தெரிந்தவருக்கு ஷெட் என்றார்கள், அவளுக்குத் தெரியும். அருளப்பன் அதை நம்பவில்லை, அங்கேதான் தப்புப் பண்ணினான். சுருட்டு மிஞ்சினால் அவளால் ஒரு வழியும் பண்ண முடியாது என்று அவனாகவே முடிவு பண்ணி, தன் தொழில் பேரைத் தூக்கிக் கொடுத்தான். அதற்கப்புறம் அந்த ரோட்டில் அவனை நம்பி யாரும் வண்டி விடவில்லை. இப்போது தூத்துக்குடியில் ஒரு லாரி கம்பெனியில் டயர் மாட்டுகிறான். பேச்சி அவனுக்கு இதுவரை ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அது சரியா என்று கேட்காதீர்கள். அதற்கு என்னிடம் விடை இல்லை.