வைரவன் தம்புரா கற்றுக்கொண்டது

சங்கீதப் பரீட்சையில் வர்ணம் பாடும்போது பாதியில் உமையாளுக்கு ஒரு ஸ்வரம் தவறியது. பரீட்சை நடத்த வந்திருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள்தான் கையை நீட்டி, மேசைமேல் ஒலித்துக்கொண்டிருந்த சுருதிப் பெட்டியை அணைத்தாள். பிறகு கதவைப் பார்த்தபடி நின்றாள்.

"மேலே பாடும்மா" என்றார் ஒருவர்.

அவள் பாடவில்லை.

"அடுத்த வரியை எடு. பரவாயில்லை."

எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே அவளுடைய அப்பா வைரவன் இருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மதுரையிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். திருப்பத்தூர் தாண்டியதும் சொன்னாள்.

"அப்பச்சி, எனக்கு இனிமே பாட்டு வேண்டாம்."

அந்தப் பக்கத்தில் அவர்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் அழுதுகொண்டு சொல்லியிருந்தால் வைரவன் சமாதானம் செய்திருப்பார். அவள் அழவில்லை.

வீட்டில் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த பரீட்சை வரைக்கும் வகுப்புக்குப் போவாள். அதிலும் நின்றுவிட்டால் யாரும் அவளைப் பாடக் கூப்பிடக் கூடாது. வைரவன் சரி என்றார். வேறு என்ன சொல்வது.

மறுநாள் மருந்துக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அபயாம்பாள் டீச்சரைப் பார்க்கப் போனார். டீச்சருக்குச் சொந்த ஊர் மாயவரம். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். இரும்புக் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. கீழே கம்பி இறக்கும் சத்தம் எப்போதும் இருக்கும். அதைப் பற்றி டீச்சர் யாரிடமும் குறை சொன்னதில்லை.

"நான் இன்னும் என்ன செய்யணும், சொல்லுங்க டீச்சர்" என்றார் வைரவன்.

"இப்ப என்ன செய்யறீங்க?"

அவர் சொன்னார். மருந்துக் கடைக்காரர் அல்லவா, எதையும் வேளை தவறாமல் கொடுத்தால் குணமாகும் என்று நம்புகிறவர். காலையில் ஆறு மணிக்குப் பிள்ளையை எழுப்பி உட்கார வைப்பார். எதிரே அவரும் உட்காருவார். வகுப்பில் பாடியதை போனில் பதிந்து வைத்துக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் என்ன வரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

"தப்பாப் பாடினா?"

"சுருதிப் பெட்டியை அணைச்சிருவேன். மறுபடி முதல்லேர்ந்து. தப்பு நாக்குல ஏறிரக் கூடாதுல்ல."

"ம்" என்றார் டீச்சர். பிறகு, "அவளா எப்பப் பாடுவா?" என்று கேட்டார்.

"சொன்னேனே, ஆறு மணிக்கு."

"அது உங்க நேரம். அவளுக்காத் தோணிப் பாடறது எப்ப?"



"முன்னெல்லாம் குளிக்கிறப்பப் பாடுவா. தெருவுக்கே கேட்கும். இப்பப் பாடுறதில்லை."

"ஏன்?"

"தெரியலை. அங்கயும் தப்பு வரும். நான் கதவைத் தட்டிச் சொல்லுவேன்."

டீச்சர் எழுந்து மூலையில் உறை போட்டு வைத்திருந்த தம்புராவை எடுத்து வந்தார். வைரவன் முன்னால் வைத்தார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை நீங்களும் வாங்க. இதைச் சொல்லித் தரேன்."

வைரவனுக்கு இது பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. "எனக்கு ஸ்வரம், தாளம் ரெண்டும் சொல்லிக் குடுத்தீங்கன்னா வீட்ல அவளைத் திருத்த வசதியா இருக்கும்" என்றார்.

"திருத்த நான் இருக்கேன்."

"அப்ப நான் எதுக்கு?"

"நடுவிரல் முதல் தந்திக்கு. மத்த மூணுக்கும் ஆள்காட்டி விரல். உட்காருங்க."

உட்கார்ந்தார்.

நாலு தந்தி. ஒன்றன் பின் ஒன்றாக மீட்ட வேண்டும். முடிந்ததும் திரும்ப முதல் தந்தி. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று வைரவன் நினைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்றும் நினைத்தார்.

வரவில்லை. சனிக்கிழமை வகுப்பில் உமையாள் பாட ஆரம்பித்ததும் அவர் விரல் பாட்டோடு சேர்ந்துகொண்டது. அவள் நிதானமாகப் பாடினால் நிதானமாக மீட்டினார். இரட்டை வேகத்துக்குப் போனதும் விழுந்தடித்துக்கொண்டு மீட்டினார்.

"எங்க ஓடறீங்க?" என்றார் டீச்சர்.

"அவ வேகமாப் பாடுறாளே."

"பாடட்டும். நீங்க ஓடாதீங்க."

"பாட்டுக்குப் பொருந்த வேண்டாமா டீச்சர்?"

"தம்புராவுக்குப் பாட்டு தெரியாது வைரவன்."

அவர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி ஓடினார். உமையாள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று டீச்சருக்குத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை, அவர் தந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்கள் இப்படிப் போயின. வைரவனின் விரல் நுனி சிவந்து, காய்த்தது. ஓட்டம் குறைந்தது. காலையில் கடை திறந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால், விரல் அதுபாட்டுக்கு மேசைமேல் நாலு நாலாகத் தட்டும். டீச்சர் ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மூன்றாவது தந்தி சுருதி இறங்கியிருக்கிறது, பிடியைத் தளர்த்துங்கள், இப்படித்தான் ஏதாவது சொல்வார்.

ஒரு சனிக்கிழமை உமையாள் வர்ணத்தை எடுத்தாள். நன்றாகவே போனது. பரீட்சையில் நின்ற அதே இடத்துக்கு வந்ததும் ஸ்வரம் பிசகியது.

தம்புரா நின்றது.

உமையாளும் நின்றாள். கீழே கம்பியை இழுத்துப் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏம்மா நிறுத்தினே?" என்றார் டீச்சர்.

"தம்புரா நின்னுருச்சு டீச்சர்."

டீச்சர் வைரவனைப் பார்த்தார். "ஏன் நின்னுச்சு?"

"அவ தப்பாப் பாடினா."

"சரி. தம்புரா என்ன தப்புப் பண்ணுச்சு?"



டீச்சர் தம்புராவை அவரிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க பாடுங்க."

"நானா?"

"ஆமாம். ஏதாவது ஒண்ணு தெரிஞ்சிருக்குமில்ல."

"பள்ளிக்கூடத்துல பிரேயருக்குப் பாடினது ஒண்ணு தெரியும். ஆனா எனக்குக் குரலே கிடையாது டீச்சர்."

"பாடுங்க."

டீச்சர் மீட்டத் தொடங்கினார். வைரவன் மகளைப் பார்த்தார். அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பிக்க வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

குரல் இல்லை என்று அவர் சொன்னது அடக்கத்துக்காக அல்ல. முதல் வரியிலேயே சுருதி எங்கோ போனது, அவர் எங்கோ போனார். இரண்டாவது வரியில் குரல் பிளந்தது. மூன்றாவது வரியில் வார்த்தை மறந்துபோய் வெறும் இழுப்பாக இழுத்தார். காது மடல் சூடாகியது. இதோ இப்போது நிறுத்திவிடுவார் என்று டீச்சரின் கையைப் பார்த்தார்.

கை நிற்கவில்லை. முகமும் மாறவில்லை. நாலு தந்தியும் முன்பு எப்படி ஒலித்தனவோ அப்படியே ஒலித்தன. வைரவன் அதைக் கொஞ்சம் கேட்டார். கேட்டுக்கொண்டே பாடினார். குரல் மெல்ல இறங்கி வந்து ஓரிடத்தில் தம்புராவோடு ஒட்டியது. உடனே பிய்ந்தும் போனது. மறுபடி ஒட்டியது. மறந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். எப்படியோ கடைசி வரைக்கும் வந்து சேர்ந்தார்.

சேர்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வெட்கத்தினாலா வேறு எதனாலா என்று அவருக்கே தெரியவில்லை. உமையாள் சிரித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"எவ்வளவு தப்பு?" என்று டீச்சர் கேட்டார்.

"அத்தனையும் தப்புதான் டீச்சர்."

"அப்புறம் ஏன் நிறுத்தலை?"

"நீங்க நிறுத்தலையே."

மகளைத் திரும்பிப் பார்க்க வைரவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

டீச்சர் தம்புராவை அவர் பக்கம் தள்ளினார். "நீ பாடும்மா. அதே இடத்துலேர்ந்து" என்றார்.

அதற்குப் பிறகு காலை ஆறு மணிக்கு வைரவன் மகளுக்கு எதிரே உட்காரவில்லை. சுருதிப் பெட்டியை அவளிடமே கொடுத்துவிட்டார். பழக்கம் லேசில் விடுமா. கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்திருப்பார், காது முழுக்க உள்ளே இருக்கும். தவறு வரும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்வார். ஒரு நாள் இரண்டு முறை எழுந்து அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். உமையாளுக்கு அது தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பரீட்சை வந்தது. மதுரையில் அதே கட்டடம். வைரவனுக்கு இந்த முறை வராந்தாவில் பெஞ்சு கிடைத்தது, தலைக்கு மேலே ஜன்னல். முதல் நாளே தூக்கம் போய்விட்டது. உமையாள் சாதாரணமாகத்தான் இருந்தாள். சுருதிப் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வர்ணம் ஆரம்பித்தது. வைரவன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடம் வருகிறது என்று அவருக்குத் தெரியும். வந்தது.

தவறியது.

பாட்டு நின்றுபோனது. வைரவன் பாதி எழுந்துவிட்டார். உள்ளே ஓடிப் போய் ஏதாவது சொல்லலாமா, ஜன்னலைத் தட்டலாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இதோடு பிள்ளை பாடுவதை விட்டுவிடுவாள் என்று நினைத்தார்.

உள்ளே சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் அதை அணைக்கவில்லை.

அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். அது காற்றில், இல்லாத தம்புராவை மீட்டிக்கொண்டிருந்தது. நடுவிரல், பிறகு ஆள்காட்டி விரல். உள்ளே இருப்பவளுக்கு அது கேட்க வழியே இல்லை. இருந்தும் அவர் நிறுத்தவில்லை. திரும்ப உட்கார்ந்தார்.

உமையாள் அடுத்த வரியை எடுத்தாள்.

வெளியே வந்தவள், "ஒரு இடத்துல விட்டுட்டேன் அப்பச்சி" என்றாள்.

எந்த இடம் என்பது வைரவனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பசிக்குதா?" என்றார்.

"ரொம்ப."

இரண்டு பேரும் ஓட்டலுக்குப் போனார்கள்.

முடிவு வந்த பிறகு வைரவன் தனியாக மாடிக்குப் போனார். டீச்சர் ஒரு சின்னப் பையனுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொண்டிருந்தார். முடியும் வரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"பாஸ் டீச்சர். செகண்ட் கிளாஸ்."

"சரி."

"அதைச் சொல்ல வரலை."

டீச்சர் காத்திருந்தார்.

"இன்னைக்குக் காலையில குளிக்கிறப்பப் பாடினா. ரொம்ப நாள் கழிச்சு. வர்ணம்தான். நல்ல சத்தமா. அதே இடத்துல மறுபடி தப்பு. தப்பாவே திரும்பத் திரும்பப் பாடுறா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவுக்கிட்ட. வெளியில."

"தட்டினீங்களா?"

"கை போயிருச்சு டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். கதவு வரைக்கும் போயிருச்சு."

"அப்புறம்?"

வைரவன் தலையைச் சொறிந்துகொண்டார்.

"ரொம்ப நேரமாக் குளிக்கிறாளே, டேங்க்ல தண்ணி தீர்ந்துட்டாப் பாட்டை நிறுத்திருவாளேன்னு தோணுச்சு. போய் மோட்டாரைப் போட்டேன்."

டீச்சர் மூலையில் நின்ற தம்புராவுக்கு உறையை இழுத்து மாட்டினார்.

"இனிமே சனிக்கிழமை நீங்க வர வேண்டாம்."

வைரவன் திடுக்கிட்டார். "ஏன் டீச்சர்? எனக்கு இன்னும் சரியா வரலையே."

"வந்துருச்சு" என்றார் டீச்சர்.