வயிற்றில் ஒட்டச் சொன்ன பை

மரியசெல்வம் எடை ஆறு கிலோ இறங்கிப்போய் மறுபடி வார்டுக்கு வந்தார். ரிடையரான பஸ் கண்டக்டர். வயசு எழுபத்தொன்று. குடலில் இருந்த புற்றுநோயை வெட்டியெடுத்து ஒரு மாதம் ஆகிறது. மலம் இப்போது வயிற்றில் போட்ட துளை வழியாக, மேலே ஒட்டிய பைக்குள் வரும்.

“நோய் திரும்பலை. அப்புறம் ஏன் இப்படி இளைச்சிட்டீங்க?” என்றார் டாக்டர்.

“சாப்பிடாம இருந்தா பை நிறையாதுல்ல. மருமகதான் மாத்துது. பாவம்.”

முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், டயட்டீஷியன், பிசியோ, நர்ஸ் என்று நாலு பேர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஃபாரத்தில் நாலு கையெழுத்தும் இருந்தது. ‘பை மாற்றுவது’ என்பதற்கு நேரே இருந்தது புது நர்ஸ் இளமாறனுடையது.

அவன் ஹெட் நர்ஸ் சகாயத்திடம் போனான்.

“சிஸ்டர், நான் எல்லாம் சொன்னேன். புரிஞ்சுதான்னும் கேட்டேன். புரிஞ்சுதுன்னார். இதுக்கு மேல நான் என்ன பண்றது?”

“வா. மறுபடி சொல்லிக்கொடு. நான் பாக்குறேன்.”

இளமாறன் பையைக் கழற்றினான். துடைத்தான். புதுசை அளவாக வெட்டி ஒட்டினான். வேகமாகத்தான் செய்தான், தப்பே இல்லை.

“புரிஞ்சுதா ஐயா?”

“புரிஞ்சுது தம்பி.”

வராந்தாவில் சகாயம் கேட்டார்: “அவர் கை எங்க இருந்துச்சு?”

“போர்வைக்குள்ள.”

“கண்ணு?”

“முதல்ல என்னைப் பாத்தார். அப்புறம் சுவரைப் பாத்தார்.”

“உன்னை இல்லப்பா. உன் மூக்கை. கழட்டினதுலேர்ந்து ஒட்டுற வரைக்கும் நீ மூச்சே விடல.”

இளமாறனுக்குக் காது சுட்டது.

“இப்ப நான் என்ன செய்யணும் சிஸ்டர்?”

சகாயம் ஒரு புதுப் பையை எடுத்து நீட்டினார். “பாதிக்குக் கஞ்சி ஊத்தி உன் வயித்துல ஒட்டிக்கோ. பஸ்ல வீட்டுக்குப் போ. சாப்பிடு, தூங்கு. காலைல வந்து எப்படி இருந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லு. அப்புறம் பையை அவர் கையில குடு.”

ஒட்டிக்கொண்டான். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கூட்டம். சட்டைக்குள் வெதுவெதுவென்று ஏதோ அசைந்தது. பக்கத்தில் நின்ற பெண் தள்ளிப்போய் நின்றாள். வெயிலுக்காகத்தான் தள்ளிப்போனாள், அது அவனுக்கே தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குள் திரும்பி ஓடி, பாத்ரூமில் பிய்த்துப் போட்டான்.

காலையில் மரியசெல்வம் சவரம் செய்து முடித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலு இட்லி, தொடாமல்.

“நீயும் ஒட்டிக்கிட்டுப் போனியாமே தம்பி, சிஸ்டர் சொன்னாங்க. முப்பது வருசம் பஸ்ல நின்னவன், இப்ப பஸ்ஸுன்னா பயமா இருக்கு. எப்படி இருந்துச்சு, சொல்லு. கேட்டுட்டுச் சாப்பிடுறேன்.”

இளமாறன் இட்லியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பையோடு பஸ் ஏறவே இல்லை என்று சொன்னால் அது அப்படியே கிடக்கும்; பொய் சொல்லவும் மனசு வரவில்லை.