சத்தம் வராத நட்சத்திரம்

தேவசகாயம் சார் முன்னால் உட்கார்ந்தால் தங்கபுஷ்பத்துக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும். தலை பாதி நரைத்தாயிற்று, ஐந்தாம் வகுப்பு டீச்சராக நல்ல பேரும் எடுத்தாயிற்று. ஆனாலும் பாளையங்கோட்டையில் சார் வீட்டு மணியை அழுத்தியதும் பழைய ஆசிரியப் பயிற்சி மாணவி ஆகிவிடுவாள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

இன்று வந்தது கவலையோடு.

"ஒரு பிள்ளை சார், இசக்கியம்மாள்னு பேரு. கணக்குல புலி. இப்ப சரியாப் போட்ட கணக்கையே அழிக்குதா."

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சொல்லு என்று அர்த்தம்.

இசக்கியம்மாள் உறைவிடப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் பேர் கொடுத்திருந்தாள். இடம் கிடைத்தால் பன்னிரண்டு வரை படிப்பு நிச்சயம். கிடைக்காவிட்டால் அவள் அக்காவைப் போல எட்டாவதோடு பீடி சுற்றும் தட்டு மடிக்கு வந்துவிடும். வீட்டில் அதைச் சொல்லியே விட்டார்கள்.

"பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கு சார். நான்தான் அதுல ஒரு கணக்குச் செயலி போட்டேன். விடை சரியா இருந்தா 'சபாஷ்'னு சொல்லிக் கைதட்டும். சரியாச் செஞ்சா உடனே பாராட்டணும்னு நீங்க நடத்துன வலுவூட்டல் பாடம்தான் அப்படியே. கணக்குன்னா ஓடி ஒளியுத பிள்ளைங்கல்லாம் முண்டியடிச்சிட்டு வந்துச்சு."

"நல்லதுதானே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போன வாரம் மாதிரித் தேர்வு வச்சேன், பேப்பர்ல. இசக்கி முதல் கணக்கைப் போட்டா. சரியான விடை. தலையைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்தா. பெறகு அழிச்சா. மறுபடி போட்டா, அதுவும் சரி. மறுபடி அழிச்சா. பேப்பரே கிழிஞ்சு போச்சு."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'போட்டுப் பாத்தேன் டீச்சர், சரியாத்தான் வந்துச்சு. ஆனா சத்தம் வரலையே'ன்னு சொல்லுதா."

சார் கையை நீட்டினார். "அந்தச் செயலியக் காட்டு."

அவள் கைபேசியில் திறந்து கொடுத்தாள். சார் ஒரு கூட்டல் கணக்குப் போட்டார். "சபாஷ்!" என்றது கைபேசி. கைதட்டல் பொழிந்தது. சார் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொன்று போட்டார். அதற்கும் ஒரு சபாஷ்.

"விட்டா நானே சாயங்காலம் வரைக்கும் போடுவேன் போலிருக்கே."

"வெளையாடாதீங்க சார். படிச்ச கொள்கையெல்லாம் பொரட்டிப் பாத்துட்டேன். இதுக்கு எதைப் பிடிக்கன்னு சொல்லுங்க."

சார் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மரப்பெட்டி இருந்தது.

தங்கபுஷ்பத்துக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பயிற்சி நிறுவனத்தைப் பூட்டியபோது எல்லாவற்றையும் பழைய சாமான்காரர் அள்ளிக்கொண்டு போனதாகத்தான் நினைத்திருந்தாள்.

அங்கே உளவியல் ஆய்வகம் என்று ஓர் அறை இருந்தது. பேர்தான் பெத்தப் பேர், சைக்கிள் கொட்டகைக்கு ஒட்டினாற்போல் ஒரே ஒரு ஜன்னல். இரட்டைப் பின்னலும் கனகாம்பரமுமாக அவளும் தோழிகளும் அங்கே நாய், பூனை, எலி பற்றியெல்லாம் படித்துக் குழந்தைகளைப் புரிந்துகொள்ளப் பார்த்தார்கள். மழை நாளில் தகரக் கூரை போடும் சத்தத்தில் சார் பேசுவது கேட்காது. அன்றைக்குப் பாடம் கிடையாது, பாட்டுத்தான். அந்த நாட்களுக்காக அவள் மனசு இன்னும் ஏங்குகிறது.

இந்தப் பெட்டி அங்கே இருந்தது. தகட்டில் நட்சத்திர வடிவில் ஒரு தடம் வெட்டியிருக்கும். தடத்தை நேராகப் பார்க்க முடியாமல் ஒரு அட்டை மறைக்கும். எதிரே இருக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஊசிக்கோலைத் தடத்தில் ஓட்ட வேண்டும். கோல் ஓரத்தில் பட்டால் பெட்டி 'கிர்ர்' என்று கத்தும்.

எல்லாருக்கும் கத்தியது. தங்கபுஷ்பத்துக்கு மட்டும் கத்தவே இல்லை. அவள் நட்சத்திரத்தை முழுசாகச் சுற்றிவிட்டுப் பெருமையோடு எழுந்தாள். சார் சட்டைப் பையிலிருந்து பேட்டரியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"கை ஓரத்துல இடிச்சது தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது சார். ஆனா சத்தம் வரலையே."

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதன் பிறகு எத்தனையோ சாப்பாட்டு வேளைகளில் சக டீச்சர்களிடம் வேடிக்கையாக இதைச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது பெட்டி மேசைமேல் இருந்தது. அவள் மூடியைத் திறந்தாள். பேட்டரி வைக்கும் இடம் காலியாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூடியைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப போர்டை மூலையில தூக்கிப் போட்டுரட்டுமா சார்?"

"போர்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"பின்னே?"

"பேட்டரி இப்ப உங்கிட்டதானே இருக்கு."

மறுநாள் தங்கபுஷ்பம் செயலியின் சத்தத்தை நிறுத்தினாள். வகுப்பு சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒருவன் போர்டு பழுதாகிவிட்டது என்று தலைமையாசிரியரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

"சத்தம் வரும். போட்ட கணக்கு சரியா தப்பான்னு மொதல்ல நீங்க சொல்லணும். எப்படித் தெரியும்னும் சொல்லணும். பெறகுதான் போர்டு சொல்லும்," என்றாள்.

இசக்கியம்மாள் போர்டுக்கு வந்தாள். எண்ணூற்று அறுபத்து நான்கைப் பன்னிரண்டால் வகுத்து எழுபத்திரண்டு என்று எழுதினாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் நாக்கு நுனியில் சபாஷ் துடித்தது. இருபது வருஷத்துக்கும் மேலான பழக்கம், லேசில் போகுமா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இசக்கியின் கை அழிப்பானிடம் போனது. நின்றது. பிறகு விடைக்குக் கீழே அவள் ஏதோ பெருக்கத் தொடங்கினாள்.

"சரிதான் டீச்சர். எழுபத்திரண்டப் பன்னெண்டால பெருக்குனா அதே வருது."

தங்கபுஷ்பம் சத்தத்தைப் போடத் திரும்பினாள். இசக்கியம்மாள் அதற்குள் தன் இடத்துக்குப் போய் அடுத்த கணக்கில் இருந்தாள்.

தேர்வு நாளன்று தங்கபுஷ்பமே பேருந்தில் கூட்டிக்கொண்டு போனாள். வெளியே வந்த பிள்ளையிடம், "எப்படி எழுதியிருக்க?" என்று கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்கேன் டீச்சர். ஒண்ணு மட்டும் தப்பு. எங்க விட்டேன்னு படியிறங்கும்போதுதான் தெரிஞ்சுது."

அன்று சாயங்காலமே தங்கபுஷ்பம் சார் வீட்டு மணியை அழுத்தினாள். உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"முடிவு வர நாளாகும் சார். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அந்த வயசுப் பிள்ளையப் போட்டு ரொம்பத் தவிக்க விட்டுட்டேனோன்னு இருக்கு."

சார் தலையை ஆட்டினார்.

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். உள்ளங்கை வியர்த்திருந்தது.

"நீங்க சொல்லுங்க சார். நான் செஞ்சது சரிதானே?"

சார் மேசைமேல் கிடந்த அவள் கைபேசியைத் தள்ளி, "தெறந்து கொடு," என்றார். திறந்து கொடுத்தாள். நிதானமாக ஒரு கணக்குப் போட்டுவிட்டுக் கைபேசியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"சபாஷ்!" என்றது அது. கைதட்டல் அறையெல்லாம் நிறைந்து, மெல்ல அடங்கியது.

"போதுமா?" என்றார் சார்.