வெண்டையின் நரம்பு மஞ்சளான கதை

செடிகொடிகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் வெண்டையின் இலை நரம்புவரை ஒரே பச்சையாக இருந்தது. என்ன பச்சை அது! இப்போது நினைத்தாலும் மனசு ஏங்குகிறது.

வெண்டைக்குள் அவளுடைய தம்பிகள் இருவர் காவல் இருந்தார்கள். அழைக்காமல் எந்தக் கூட்டம் நுழைந்தாலும் மூத்தவன் நறுக்கன் கையில் சிக்கியவனை வெட்டித் துணுக்குகளாக்கி நரம்பு நீரில் போடுவான். இளையவன் தேடன் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு இலை இலையாகப் போவான். அதோடு உடம்பு ஒத்துப்போகிற கூட்டாளி எங்கே ஒளிந்திருந்தாலும் கத்தியால் தீர்த்துக்கட்டுவான். முகம் பார்க்கும் வழக்கமே அவனுக்குக் கிடையாது.

தேமல் என்று நோய் பரப்பும் பொடிப்பயல் ஒருவன் இருந்தான். சொந்தமாக வீடும் இல்லை, அடுப்பும் இல்லை. அடுத்தவர் வீட்டில் புகுந்து தின்று, தன்னைப் போலவே பிள்ளைகளைப் பெருக்குவதுதான் அவன் பிழைப்பு. வெள்ளை ஈயின் வாயில் ஒட்டிக்கொண்டு வெண்டையிடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு ஓடுவான். பட்டுப் பட்டுப் புத்தி வந்து, கடைசியில் ஒரு பையோடு வந்தான்.

அப்போது வெண்டைக்குத் தலைமொட்டு விட்டிருந்தது. முன்னால் நுழைந்த தேமலின் பிள்ளைகளை நறுக்கன் வழக்கம்போல வெட்டிப் போட்டான். விழுந்த துணுக்குகளையெல்லாம் தேமல் பையில் அள்ளிக்கொண்டான்.

"அண்ணே, துணுக்கு எங்க?" என்றான் தேடன்.

"வெட்டிப் போட்டேனேடா! அந்தா நிக்கிறான் பாரு, புடி!"

"ஒத்துப் பாக்காம யாரையும் தொடமாட்டேன்னு அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேனே."

அது உண்மைதான். முன்பொருமுறை துணுக்கில்லாமல் கத்தியை வீசி, அக்காவின் இளந்தளிரையே அவன் வெட்டியிருந்தான்.

தேமலின் மிச்சப் பிள்ளைகள் பெருகி நரம்பெல்லாம் நிறைந்து, பச்சையைத் தின்னத் தொடங்கினார்கள். தேடன் பதறினான். "அக்கா, ஒரு வார்த்தை சொல்லு. கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் வெட்டித் தள்ளிடுறேன்."

வெண்டை மொட்டைப் பார்த்தாள். கண்மூடிய கத்திக்குத் தேமலும் ஒன்றுதான், மொட்டும் ஒன்றுதான்.

"வேணாம்டா. என் நெறம் போனாப் போகட்டும். புள்ள பொழைக்கட்டும்."

மொட்டு மலர்ந்தது. காய் வெளிறிச் சிறுத்துக் கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் அதற்குள் விதை இருந்தது.

வெண்டையின் நரம்பு மஞ்சளானது அன்று முதல்தான். மஞ்சள் பாய்ந்த செடிகூட, உயிர் போகும்வரை ஒரு காயையாவது பிடித்துக்கொண்டு நிற்பதும் அன்று முதல்தான்.