மூன்று முழ வாசல்

டொக். டொக். டொக்.

அந்தக் காலத்தில் மணற்கோட்டைச் சீமையை ரத்தினகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் ஆட்சியில் ஊர் அடங்கியதும் இந்தச் சத்தம் கிளம்பும். ஊரெல்லாம் கேட்காது, அக்கரைத் தெருவில் மட்டும் கேட்கும். மூன்று தலைமுறைக்கு முன் ஆற்றைத் தாண்டிப் பிழைக்க வந்தவர்களின் தெரு அது. ராக்காவலன் தடியால் கதவைத் தட்டுவான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டான், சோதனை என்று தள்ளிக்கொண்டு உள்ளே வருவான். தாழ்ப்பாள் இருந்தால்தானே தடுக்க? அந்தத் தெருவில் இருந்த தாழ்ப்பாளையெல்லாம் ஆறு வருஷம் முன்பே அரசாங்கம் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

மருதாயியின் வீடும் அந்தத் தெருவில்தான். புருஷன் ஓடக்காரன், ராத்திரியெல்லாம் ஆற்றில். வீட்டில் அவளும் எட்டு மாதப் பெண் குழந்தையும்தான். ஒரு ராத்திரி வந்தவன் பெட்டியைத் திறக்கவில்லை, பானையைக் கவிழ்க்கவில்லை. தொட்டில் பக்கத்தில் நின்று குழந்தையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். காவலன்தானா? தலைப்பாகை இருந்தது. தலைப்பாகையை யார் வேண்டுமானாலும் கட்டலாமே.

விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். அரண்மனைக் கதவுகளின் பித்தளையைப் புளி போட்டுத் துலக்குகிறவள் அவள், அதனால் வாசல் சேவகர்கள் தடுக்கவில்லை.

ராஜா அப்போது நல்ல மனநிலையில் இருந்தான். அது நாழிகைக்கு நாழிகை மாறும் என்பது வேறு விஷயம். பக்கத்தில் சட்டம் எழுதும் வல்லபராயர். ராஜா வேறு யாரையாவது பார்த்துச் சிரித்தால்கூட ராயருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"மகாராஜா, என் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்," என்றாள் மருதாயி.

ராஜா சிரித்துவிட்டான். "பொன் கேட்பார்கள், நிலம் கேட்பார்கள். தாழ்ப்பாளா? என்ன ராயரே, இவர்கள் தெருவுக்கு மட்டும் ஏன் இல்லை?"

"இவர்கள் தெருவுக்கென்று யார் சொன்னது?" என்று ராயர் ஓலையைப் பிரித்தார். "'மூன்று முழ உயரத்துக்குக் குறைந்த வாசலுக்கு உள்தாழ்ப்பாள் கூடாது. ராக்காவலர் வேளை பாராமல் திறந்து பார்க்கலாம்.' இதில் அக்கரை என்ற வார்த்தை எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம்."

"இல்லைங்க ஐயா. ஆனா அக்கரையார் மூணு முழத்துக்கு வாசல் வைக்கக் கூடாதுன்னு இன்னொரு ஓலை இருக்குதே."

"அது மகாராஜாவின் தாத்தா போட்டது. அதற்கு நான் என்ன செய்ய? என் சட்டத்துக்கு ஆள் முகம் தெரியாது, அளவுகோல்தான் தெரியும்."

சபை முழுக்கத் தலையாட்டியது. மருதாயி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான்.

"யார் வாசலானாலும் அளவுதானா ஐயா?"

"யார் வாசலானாலும்."

"அப்போ ஒரு வாசல் விட்டுப்போச்சு. தாழ்ப்பாளோட இருக்குது. தினம் துலக்குறவ நான். காட்டட்டுமா?"

"காட்டு, காட்டு," என்று ராயர் முதல் ஆளாக எழுந்தார். யாரோ ஒருவனை மாட்டிவைக்கிற சந்தோஷம் அவருக்கு.

அவள் முன்னே நடந்தாள். ராஜாவும் சபையும் பின்னே. மூன்று கூடம் கடந்து, ராஜாவின் பள்ளியறை வாசலில் நின்றாள். உள்ளே நுழைகிற பகைவன் தலை குனிந்துதான் நுழைய வேண்டும் என்று தாத்தா ராஜா கட்டிய குட்டை வாசல் அது. மருதாயி முழங்கையை வைத்து அளந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு... ரெண்டே முக்கால்."

ராயருக்கு வியர்த்தது. "இது மகாராஜா படுக்கிற இடம்."

"ஆள் முகம் தெரியாதுன்னீங்களே ஐயா."

ராஜாவின் மனநிலை அந்த நாழிகையில் விளையாட்டுக்குத் திரும்பியிருந்தது. "சட்டம் சட்டம்தான் ராயரே. கழற்றச் சொல்லும்." எல்லாரும் சிரித்தார்கள். மருதாயி சிரிக்கவில்லை. ராஜாக்களின் விளையாட்டு கடைசியில் யார் தலையில் விடியும் என்று யார் கண்டார்கள்?

மறுநாள் ராஜா கண் சிவந்து சபைக்கு வந்தான்.

"மூன்று தடவை கதவு திறந்தது. இரண்டு தடவை காவலன், பெயர் சொன்னான். மூன்றாவது ஆள் விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனான். யார் அவன்? காவலனா, வேஷமா?"

கதவு துலக்க வந்திருந்த மருதாயி முன்னே வந்தாள்.

"எங்களுக்கும் அதேதான் தெரியலை மகாராஜா," என்றாள் மருதாயி. "ஆறு வருஷமா."

ராயர் குறுக்கே வந்தார். "'அரண்மனை நீங்கலாக' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் தீர்ந்தது."

"சேருங்க ஐயா. முரசும் அறையுங்க. அரண்மனையில ஒரு குட்டை வாசல் இருக்குது, அது திறந்தா உள்ளே இருக்கிறவருக்குத் தூக்கம் வரலைன்னு எதிரி நாடு வரைக்கும் கேக்கட்டும்."

ராஜா ராயர் பக்கம் திரும்பினான். "வாசலைக் குறைத்தது என் தாத்தா. குறைந்த வாசலுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றது நீர். சேர்த்துப் படித்தால் அக்கரைத் தெருவுக்கு மட்டும் தாழ்ப்பாள் இல்லை, ஆனால் பழி இரண்டு பேர் மேலும் இல்லை, என்ன?" ஓலையை வாங்கி முறித்துப் போட்டான். கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி மருதாயியிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "இதை எங்கே திருடினேன்னு நாளைக்குக் கேப்பாங்க. அந்தப் பழைய ஓலையையும் முறிச்சுடுங்க மகாராஜா. வாசல் குட்டையா இருக்கிற வரைக்கும் அதுக்குன்னு புதுசு புதுசா சட்டம் வரும். இனிமே முத்திரை வைக்கிறதுக்கு முன்னாடி எல்லா ஓலையையும் எங்க தெருவில வாசிக்கணும். எது எங்க தலையில இடிக்கும்னு எங்களுக்குத்தான் தெரியும்."

"அப்படியே," என்றான் ராஜா. "ராயரே, அந்தத் தாழ்ப்பாள்களை நீரே சுமந்து போய் வீடு வீடாக அடித்துக் கொடும்."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராயர் ஒவ்வொரு வாசலிலும் குனிந்தார். இரண்டாவது வீட்டில் குனிய மறந்து நெற்றி புடைத்தது.

இருட்டியது. மருதாயி தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். ஆணி நன்றாக இறங்கியிருக்கிறதா? விடிவதற்குள் ராஜாவின் மனம் மாறிவிட்டால்? குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டொக். டொக். டொக்.

தெருக்கோடியில். ஆனால் இன்றைக்கு அதற்குப் பின்னாலேயே இன்னொரு சத்தம். சடக். அடுத்த வீட்டில் சடக். அதற்கடுத்த வீட்டில் சடக். காலடி அவள் வாசலுக்கு வந்து நின்றது.

"யாரது?" என்று கேட்டாள் மருதாயி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். சடக்.