வண்டல் குட்டைக்குக் காவல் நின்ற நாரை

கரடிக்காட்டில் விலங்குகள் நிலக்கரி தோண்டின. பெருச்சாளிகள் குழி பறித்தன. காட்டுப்பன்றிகள் மண்ணை முட்டித் தள்ளி வெளியே மேடாகக் குவித்தன. மார்கழிக் குளிரில் எல்லாக் குகைகளிலும் கரி எரிந்தது. குட்டிகள் சுகமாகத் தூங்கின.

ஆனால் மழை பெய்தால் அந்த மண்மேட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் இறங்கும். அது நேரே ஏரிக்குள் போய்விடாதபடி, குழிக்குக் கீழே ஒரு வண்டல் குட்டையை வெட்டியிருந்தன. கலங்கல் தண்ணீர் அங்கே வந்து நிற்கும். சேறு அடியில் தங்கிவிடும். தெளிந்த நீர் மட்டும் மதகு வழியாக ஏரிக்குப் போகும்.

மதகுக்குக் காவல் நெடுங்காலி என்னும் நாரை. அது குட்டைக்குள் இறங்கி நின்று குனிந்து பார்க்கும். கால்விரல்கள் தெரிந்தால் மதகுப் பலகையை அலகால் தூக்கும். தெரியாவிட்டால் பலகையை இறக்கிவிடும். ஏரி மீன்தான் அதன் குடும்பத்துக்குச் சாப்பாடு. அதனால் காவலில் அது ஒருநாளும் கண் அயர்ந்ததில்லை.

புரட்டாசி பிறந்ததும் பன்றிகள் குட்டைச் சேற்றை அள்ளுவது வழக்கம். ஒரு வருஷம் பெருச்சாளித் தலைவன் கோணமூக்கன் நாரையிடம் வந்தது.

"நெடுங்காலியம்மா! பன்றிகளைச் சேறள்ள விட்டா குழி வேலை நின்னுபோகும். குட்டைத்தண்ணி எப்படி இருக்கு, நீயே சொல்லு!"

நாரை குனிந்து பார்த்தது. "எட்டு விரலும் தெரியுது!"

"அப்புறம் எதுக்கு அள்ளணும்?"

"அதானே!" என்றது நாரை.

"சேறு எங்களுக்கு வேலையா? விருந்து! அதுலயும் மண்ணைப் போட்டுட்டீங்களே!" என்று முனகிக்கொண்டே பன்றிகள் குழிக்குத் திரும்பின.

அந்த ஆண்டு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆண்டும் கோணமூக்கன் வந்தது. அப்போதும் விரல்கள் தெரிந்தன. மூன்றாம் ஆண்டு நகங்கள்கூடப் பளிச்சென்று தெரிந்தன.

"பாத்தியா! வருஷத்துக்கு வருஷம் தண்ணி தெளிஞ்சுகிட்டே வருது!" என்று நாரை பெருமையாகச் சொன்னது.

குட்டையில் வசித்த ஆமை தலையை நீட்டியது. "நெடுங்காலி, எனக்குப் பயமா இருக்கு. முன்னே எல்லாம் நான் இங்கே முங்கினா அடியைத் தொடுறதுக்குள்ள மூச்சு முட்டும். இப்போ நடுக்குட்டையில நின்னா முதுகு காயுது."

"காயட்டுமே! பாசி பிடிச்சு நாறுது உன் ஓடு!"

"சிரிக்காதே. தண்ணி அன்னிக்கு உன் தொடை வரைக்கும் இருந்துச்சு. இன்னிக்கு எதுவரைக்கும் இருக்கு?"

நாரை பார்த்தது. தண்ணீர் கணுக்காலைக்கூடத் தொடவில்லை. மனதில் ஏதோ நெருடியது. ஆனால் விரல்கள் எட்டும் கண் முன்னே தெரிந்தனவே!

"தண்ணி தெளிவா இருக்கான்னு பாக்கிறதுதான் என் வேலை. ஆழம் பாக்கிறது இல்லை!" என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சேறு ஏற ஏற, நாரை நின்ற இடமும் உயர்ந்துகொண்டே வந்தது. விரல்களுக்கு மேலே இருந்த தண்ணீர் குறைந்தது. அவ்வளவு குறைவான தண்ணீரில் யார் காலும் தெரியும். இது நாரைக்குத் தோன்றவில்லை.

ஐப்பசியில், ஏரிக்கரை மருதமரத்துக் கூட்டில், நாரையின் மூன்று முட்டைகளும் பொரிந்தன. மறுநாளே அடைமழை பிடித்துக்கொண்டது. மண்மேடு கரைந்து இறங்கியது. சேறு நிரம்பிய குட்டையில் தண்ணீர் நிற்க இடமில்லை. தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி கறுப்புத் தண்ணீர் நாலா பக்கமும் பரவியது. நாரை பலகையை இறக்கி, நெஞ்சை அதன்மேல் வைத்து அழுத்தியது.

"மூடாதே! கரை போயிடும்!" என்று ஆமை கத்தியது.

"திறந்தா ஏரி போயிடும்!" என்று நாரை அலறியது.

கரை உடைந்தது. மூன்று வருஷச் சேறும் ஒரே மூச்சில் ஏரிக்குள் இறங்கியது.

அன்று மாலை மீன்கள் கரையோரம் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன. அவற்றின் செவுள்களில் கறுப்புச் சேறு அடைத்திருந்தது. நாரை தேட வேண்டியிருக்கவில்லை. குஞ்சுகள் வயிறு புடைக்கத் தின்றன.

"அம்மா, இன்னிக்கு விருந்தா?" என்று கடைக்குட்டி கேட்டது.

மூன்றாம் நாள் ஏரி நாறியது. ஐந்தாம் நாள் அதில் எதுவும் அசையவில்லை. நாரை மலைக்கு அந்தப் பக்கத்து ஏரிக்குப் பறந்தது. போக அரை நாள், வர அரை நாள். கொண்டுவந்த இரை ஒரு குஞ்சுக்குத்தான் போதுமானதாக இருந்தது. முதலில் கடைக்குட்டி கழுத்தைத் தூக்குவதை நிறுத்தியது. இரண்டு நாள் கழித்து அடுத்ததும் நிறுத்தியது.

கோணமூக்கன் மரத்தடிக்கு ஓடிவந்தது. "அம்மா! பன்றிகளை வரச் சொல்லிட்டேன். சேறு முழுசையும் அள்ளிடலாம்!"

"எங்கேயிருந்து?" என்று கேட்டது நாரை.

கோணமூக்கன் திரும்பி ஏரியைப் பார்த்தது. கரையிலிருந்து கரைவரை கறுப்பாகக் கிடந்தது ஏரி.

மேலே தெரியும் தெளிவை நம்பி, அடியில் சேருவதை அள்ளாமல் விடுகிறவர் அதற்கான விலையைத் தம் பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கித்தான் கொடுக்க நேரும்.